கதவின் உள்பக்கம்

கழுகுமலைக்குப் போகிற சாலையில், ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே ஷேர் ஆட்டோ அவர்களை இறக்கிவிட்டது. நான்கு பெண்கள். ஆளுக்கொரு வாளி, வாளிக்குள் பட்டி பூசும் தகடும் உப்புத்தாளும் பிரஷும். பருத்தி எடுத்து முடித்த கரிசல் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே தனியாக ஒரு பழைய வீடு.

காளீஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. எட்டு வயதில் தீப்பெட்டி வேலைக்குப் போனவள், முப்பது வருஷத்துக்கு மேல் அதையே பார்த்தாள். மெஷின் வந்து அந்த வேலை போனபிறகுதான், கோவில்பட்டியில் பெண்களுக்கு மரவேலையும் பெயிண்டிங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். மூன்று மாதம் பலகைத் துண்டுகளில் பழகியாயிற்று. இனி ஒரு வாரம் நிஜ வீட்டில் நிஜ வேலை. ஆளுக்கொரு கதவு. அது சரியாக வந்தால்தான் சான்றிதழ். அது கையில் இருந்தால் வேலை தருவதாகக் கயத்தாறில் ஒரு காண்டிராக்டர் சொல்லியிருந்தார்.

பயிற்சி கொடுக்கும் பாலகணேஷ் அவளைவிடப் பதினாறு வயது இளையவன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அக்கா, உங்களுக்குப் பின்கட்டு ரூம் கதவு. நல்ல தேக்கு. ஏழெட்டு கோட்டு பெயிண்ட் ஏறிக் கிடக்கு. மரம் தெரியுத வரைக்கும் சுரண்டிருங்க."

"சரி சார்."

பின்கட்டில் பகல் வெளிச்சம் பாதி வழியிலேயே நின்றுவிட்டிருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு காற்றுத்துளை மட்டும். உள்ளே சாமான் எதுவும் இல்லை. ஆனாலும் நெருக்கமாக ஆட்கள் இருந்துவிட்டுப் போன இடம்போல மூச்சு முட்டியது.

கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி. பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்து காலடியில் விழுந்தது. கை பழகிவிட்டது. இரண்டு இழுப்பு, ஊதல், மறுபடி இரண்டு இழுப்பு.

அவள் நிறுத்தியபோது உள்ளேயிருந்து இன்னும் ஒரு இழுப்பு கேட்டது.

"ஏட்டி செல்வி, உள்பக்கத்தை விடு. அதையும் நானே பாத்துக்கிடுதேன்."

"நான் முன்னாடில்லா இருக்கேன்," என்று கூட வந்த செல்வலட்சுமியின் குரல் வாசல் பக்கமிருந்து வந்தது.

காளீஸ்வரி கதவைத் தள்ளித் திறந்தாள். வெறும் அறை. வெறும் தரை.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலி இவ்வளவு நிதானமாகச் சுரண்டாது என்று அவளுக்கே தெரியும்.

மறுநாள் உள்பக்கம். கடைசிக் கோட்டு உரிந்ததும் மரத்தில் வரிகள் தெரிந்தன. யாரோ முன்பே பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். தகட்டு முனையால் நெண்டியதும் பழைய பட்டி பொடியாக உதிர்ந்தது. நான்கு நான்கு வரிகளாகப் பள்ளங்கள். எல்லாம் அவள் இடுப்பு உயரத்துக்குக் கீழே. ஒன்றில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள்.

விரல் நுழையவில்லை. அவ்வளவு குறுகல்.

பட்டி குழைத்து அடைத்தாள். தகட்டால் வழித்துச் சமமாக்கிவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தால் அத்தனையும் தரையில் கிடந்தது. பள்ளங்கள் வாய் திறந்திருந்தன.

பாலகணேஷ் குனிந்து ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தான். "மரத்துக்கு வெறும் பட்டி பிடிக்காதுக்கா. அந்தத் தேக்குலயே இழைச்ச தூளை எடுத்து, பசையோட பிசைங்க. சப்பாத்தி மாவு பதம். கட்டை விரலால அழுத்தி உள்ள ஏத்துங்க. மரத்தோட மரமா ஒட்டிக்கிடும்."

அவன் ஒரு பள்ளத்தில் செய்து காட்டினான். மீதியை அவள் செய்தாள். அழுத்தும்போது கட்டைவிரலுக்கு அடியில் மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டுக்காரர் நந்தகோபால் அப்போது வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, அதிகம் பேசாதவர். மகள் பேறுகாலத்துக்கு வருகிறாள், அதற்காகத்தான் வீட்டைப் புதுப்பிக்கிறார். அவர் அறைக்குள் கால் வைக்கவில்லை.

"நல்லா அடைச்சுருங்க. கீறல் வெளிய தெரியக்கூடாது."

"அண்ணாச்சி, இந்த ரூம்ல முன்ன யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. தீப்பெட்டிச் சாமான் போட்டு வச்சிருந்தோம்." சற்று நின்றார். "அந்தப் பிள்ளை ஊரைவிட்டு ஓடிப்போச்சுன்னுதான் எங்க அப்பா சொன்னாவ."

காளீஸ்வரி எந்தப் பிள்ளையைப் பற்றியும் கேட்டிருக்கவில்லை.

நான்காம் நாள் உச்சிப்பொழுது. மற்றவர்கள் முன்னால் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். பட்டி மறுபடியும் விழுந்திருந்ததால் மூன்றாம் தடவையாக அடைத்துக்கொண்டிருந்தாள் காளீஸ்வரி. வெளியே காக்கைகூடக் கத்தவில்லை. கரிசல்காட்டு வெயில் ஓட்டுக்கு மேலே நின்று எரிந்தது. டர்பன்டைன் வாடைக்கு நடுவே வேறொரு வாடை மெல்ல ஏறியது. ஈரமான தீக்குச்சி மருந்தின் வாடை. முப்பது வருஷம் அவள் உடம்பிலேயே ஊறிக் கிடந்த வாடை.

ஈரப் பட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

அடியிலிருந்து ஏதோ அழுத்தியது.

கையை எடுத்தாள். பட்டி புழுப்போல நெளிந்து பிதுங்கி வெளியே வந்தது. ஒரு வரி. இன்னொரு வரி. நான்கும்.

வெறும் மரத்துக்குள்ளிருந்து.

ஓட நினைத்தாள். அவள் இடுப்பு உயரத்திலிருந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல, ஒரு குரல் கேட்டது.

"போயிட்டாவளா?"

அந்தக் கேள்வி காளீஸ்வரிக்குத் தெரியும். அவளே கேட்டிருக்கிறாள். ஜீப்பில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் சின்னப் பிள்ளைகளைச் சாக்குக்கு அடியிலோ இருட்டறையிலோ ஒளித்து வைப்பார்கள். இருமக்கூடாது, அழக்கூடாது. யாராவது வந்து "போயிட்டாவ, வாங்க" என்று சொல்லும்வரை அசையக்கூடாது. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் யாரோ வந்து சொன்னார்கள்.

"அக்கா... அவிய போயிட்டாவளா?"

காளீஸ்வரி குரல் வந்த பக்கம் குனிந்தாள்.

"போயிட்டாவ," என்றாள். "எல்லாரும் போயிட்டாவ. வெளிய வா தாயி."

பாதி சாத்தியிருந்த கதவு தானாக முழுக்கத் திறந்தது. கீல் முனகவில்லை. அவள் தொடையை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக ஒன்று கடந்துபோனது. மருந்து வாடை அத்தோடு நின்றது.

பிறகு தகட்டை எடுத்து, பள்ளங்களில் ஒட்டியிருந்த மிச்சப் பட்டியையும் வழித்துச் சுத்தமாக எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் பாலகணேஷ் வந்து பார்த்து முகம் சுளித்தான். "என்னக்கா இது, அடைக்கவே இல்ல?"

"அடைக்க மாட்டேன் சார். மேல வார்னிஷ் மட்டும் அடிச்சுக் குடுக்கேன். சான்றிதழ் தராட்டாலும் பரவாயில்ல."

அவனுக்குப் பின்னால் நந்தகோபால் நின்றிருந்தார். இப்போதும் அறைக்கு வெளியேதான். திறந்து கிடந்த வரிகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான் தாழ்ப்பாள் போட்டேன்," என்றார். "பதினாறு வயசு எனக்கு. ஆபீசர் போனதும் தொறந்துவிடுலேன்னு அப்பா சொன்னாவ. தேரோட்டம் பாக்க ஓடிட்டேன். மறந்தே போச்சு. மறுநாள் வந்து தொறக்கும்போது..."



"அந்தப் பிள்ளை பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள் காளீஸ்வரி.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லையே," என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

மகளை அந்த வீட்டுக்கு அவர் கூட்டிவரவில்லை. பாலகணேஷ் மூன்று நாள் யோசித்தான். பிறகு சுரண்டின சுத்தத்துக்கும் வார்னிஷ் வேலைக்கும் மதிப்பெண் போட்டுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டான். வேலைக்குப் போய்ப் பழகப் பழக, அந்த வெயில் மயக்கத்தில் எதையோ கண்டு பயந்துவிட்டோமோ என்றுகூடக் காளீஸ்வரிக்குத் தோன்ற ஆரம்பித்தது.

இரண்டு மாதம் கழித்துக் கயத்தாறில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு புது வீடு. சுண்ணாம்பு வாடை மாறாத வெளிச்சமான கூடம். பெரிய ஜன்னல்கள். நல்ல காலை நேரம். சுவருக்குப் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. கடன் கொடுத்த பேங்கிலிருந்து ஒருவர் இறங்கி, கையில் ஃபைலோடு உள்ளே வந்தார். சுவர்களை அண்ணாந்து பார்த்தார்.

"இங்கன எத்தனை பேர் வேலை பாக்கீங்க?"

"நான் மட்டுந்தான் சார்," என்றாள் காளீஸ்வரி.

அவள் முதுகுக்குப் பின்னால், சேலை முந்தானையை ஒரு சின்னக் கை பற்றியது. இறுக்கமாக. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளோடு ஒட்டி நிற்பதுபோல இருந்தது.

அவள் அசையவில்லை. பிரஷிலிருந்து பிரைமர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. வந்தவர் அறை அறையாகப் பார்த்தார், ஏதோ எழுதினார், கிளம்பினார். ஜீப் சத்தம் திருநெல்வேலி ரோட்டில் தேய்ந்து மறைகிறவரை காத்திருந்தாள்.

"போயிட்டாவ," என்று உதடு அசையாமல் சொன்னாள். "போயிட்டாவ தாயி."

பிடி தளரவில்லை.