ஸ்பிரிங் தொட்டிலின் எடை

கம்ப்யூட்டர் சொன்ன எடையும் ஆஸ்பத்திரித் தராசு சொன்ன எடையும் ஒத்துப்போகவில்லை. தராசில் குழந்தை போன வாரத்தைவிட இளைத்திருந்தாள். அவள் அப்பா கிருபாசங்கரின் கணக்கிலோ கொழுத்துக்கொண்டே போனாள்.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வாடகை வீடு. இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார் வேலை, கூடவே ஆராய்ச்சிப் படிப்பு. ஹாலில் கொக்கியில் மாட்டிய ஸ்பிரிங், அதில் பூப்போட்ட சேலைத் தொட்டில், எதிரே ஸ்டாண்டில் வீடியோ கேமரா, மூலையில் காலேஜிலிருந்து தூக்கி வந்த பென்டியம் கம்ப்யூட்டர். படத்துக்குப் படம் சேலையின் பூக்கள் எவ்வளவு நகர்ந்தன என்று அவன் எழுதிய புரோகிராம் பார்க்கும். ஸ்பிரிங் எப்படி இழுபடும், துணி எப்படித் தொய்யும் என்ற இயற்பியல் விதிகளை வைத்து உள்ளே இருக்கும் பாரத்தைச் சொல்லிவிடும். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமலே எடை போடுகிற ஆள் ஊரிலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்குப் பெருமை வேறு.

"பாப்பா மறுபடி எறங்கிப் போச்சுங்க. இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க" என்று அழுதாள் அவன் மனைவி கோகிலவாணி.

முதலில் புரோகிராமைச் சந்தேகப்பட்டான். வரி வரியாகத் துழாவினான். தப்பில்லை. அடுத்து சந்தேகம் மனைவி மேல் திரும்பியது. கண்ணு படாமலிருக்கத் தொட்டிலில் இரும்பு வைப்பது வழக்கம்தான். இவள் கனமாக எதையாவது திணித்து வைத்திருக்கிறாளோ?

"தொட்டிலுக்குள்ள என்ன வெச்சிருக்கறே?"

"நான் என்னத்தைங்க வெப்பேன்? வெறுந்தொட்டில அன்னிக்கு மத்தியானம் பூரா ஆட்டுனது நீங்கதானுங்க. வேண்டாமுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே!"

அது உண்மை. ஸ்பிரிங்கின் வலுவைக் கணிக்க, பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டி ஆட்டிப் படமெடுத்திருந்தான். "காலியா இருந்தாத்தான் கணக்கு நேராகும் அம்மணி" என்று சிரித்தான். வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்பார்கள். வேறெதுவும் வரும் என்று யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைகள் ஓய்ந்திருந்தன. கட்டிங் ஆயில் வாடையும் புளித்த பால் வாடையும் கலந்து கிடந்த அந்த ஹாலில், மற்ற நாட்களில் லேத் இரைச்சலில் அமுங்கிப்போகும் ஸ்பிரிங்கின் கிரீச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. வாணி சமையலறையில் இருந்தாள், குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஃபேன் ஓடவில்லை, யாரும் தொடவில்லை, ஆனாலும் தொட்டில் ஒரு பச்சைக் குழந்தையின் பாரத்துக்குப் பொருந்தாத நிதானத்தோடு இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பாரம் கூடக் கூடத்தான் ஆட்டம் நிதானமாகும்.

வெறுந்தொட்டில் ஆடிய கேசட்டை எடுத்தான். கணக்குக்கு அதன் ஆரம்பம் மட்டும் போதுமாக இருந்ததால் மீதியை இதுவரை ஓட்டிப் பார்த்ததில்லை. இப்போது ஓட்டினான். திரையில், நகர்வைக் காட்டும் அம்புக்குறிகள் பூக்களின் மேல் முளைத்தன. எல்லாம் மேலும் கீழுமாகத்தான் போயின. பாரம் இல்லை. பாரம் இல்லை.

அப்புறம் தொட்டிலின் ஒரு விளிம்பு தாழ்ந்தது.

படத்தில் யாரும் இல்லை. அங்கே அம்புகள் மட்டும் திரும்பின. வெளியிலிருந்து உள்ளே. எதுவோ விளிம்பைப் பிடித்துத் தொற்றி ஏறுகிற மாதிரி. துணி தொய்ந்தது. ஆட்டம் நிதானமானது. திரையில் முதன்முதலாக ஓர் எடை வந்தது.

அந்தப் படம் எடுத்த அன்று சாயங்காலம்தான் அதே தொட்டிலில் குழந்தையைப் போட்டார்கள்.

"வாணி! பாப்பாவைத் தூக்கு!"

"ஐயோ, என்னாச்சுங்க?" அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

அதற்குள் அவனே பாய்ந்துவிட்டான். சேலைக்குள் கையை விட்டான். உள்ளே சூடாக இருந்தது. குழந்தையை அள்ளி நெஞ்சோடு அணைத்தான்.

ஸ்பிரிங் மேலே ஏறவில்லை.

இம்மியும் ஏறவில்லை. தொட்டில் அதே தொய்வோடு தொங்கியது. துணிக்குள் ஒரு புடைப்பு. மெல்ல உருண்டது. இவர்கள் பக்கமாகத் திரும்பிப் படுத்தது.

வாணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் கைகளில் பாரமே இல்லை. குழந்தை இருக்கிறாளா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருந்தாள். சிரித்தபடி, தொட்டிலை நோக்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.