முதல் மனைவியின் சம்மதம்

கதவைத் திறந்து எலிசாவை உள்ளே விட்ட ஜஸ்டஸ், அவள் உள்ளே போன பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். இன்னொரு ஆள் நுழைய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகுதான் விட்டான்.

முதல் நாள் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளைகுடாவில் அல் ஐனுக்கு வந்த அந்த 1976 மார்ச்சில் அவளுக்கு எல்லாமே புதிது. கல்யாணமான மூன்றாம் மாதம் விமானம் ஏறிய கணவனும் புதிதுதான். ஆனால் கடைக்குப் போய்த் திரும்பினாலும், ஜெபக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பினாலும், அவள் முதுகுக்குப் பின்னால் அதே இடைவெளி.

"யாருக்குப் பிடிச்சிட்டு நிக்கிய?"

"எதை?"

"கதவை."

"கீல் சரியில்ல," என்றான்.

அவன் பம்பு மெக்கானிக். கீல் சரியில்லையென்றால் அன்றைக்கே கழற்றிப் போட்டிருப்பான்.

எலிசா எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். முதலில் தன்னையே சந்தேகிப்பாள். சாயங்காலம் பேரீச்சந்தோப்புப் பக்கம் வெளிச்சம் மங்கி, பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து ஓய்ந்து, ஏசிப் பெட்டி தன் பழைய இருமலைத் தொடங்குகிற வேளையில் சமையலறையிலிருந்து ஒரு வாடை வரும். தோசை மாவின் புளிப்பல்ல, அது அவளுக்குத் தெரியும்; இது இனிப்பும் மெல்லிய சாராய நெடியும் கலந்து, ரொட்டி சுடும் இடத்துக்குள் நுழைந்ததுபோல வெதுவெதுப்பாக மூக்கில் ஒட்டுகிற வாடை. ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தாள். தொட்டியைக் கழுவினாள். வீட்டில் ரொட்டி மாவும் இல்லை, அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்டும் இல்லை. அடுத்த வீட்டு வாடையாக இருக்கும் என்று வெளியே போய் நின்று பார்த்தாள். வெளியே புழுதி வாசனைதான்.

அடுத்த வீட்டு ருக்கையா, காயல்பட்டினத்துக்காரி, கேட்டுவிட்டுச் சிரித்தாள். "புதுசுல அப்படித்தான் புள்ள. மொத ஆறு மாசம் எங்க ஃபிரிட்ஜு என் மாமியார் மாதிரியே முனங்கும். நான் ரெண்டு தடவ பதில் சொல்லிருக்கேன்."

எலிசாவும் சிரித்தாள். இரவு படுக்கையில் ஜஸ்டஸ் சுவரோரம் ஒட்டிப் படுத்து நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருப்பதைப் பார்த்தபோது, புழுக்கம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெல்டன் வந்தார். ஜஸ்டஸின் முதலாளி. பாலைவனத்தில் கிணறு தோண்டும் அமெரிக்கர், அங்கேயும் பாலைவனமான யூட்டாவிலிருந்து வந்தவர். எழுபதை நெருங்கும் வயது, சுத்தமான நகங்கள், தாழ்ந்த குரல். டீ வேண்டாம் என்று வெந்நீர் மட்டும் கேட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினெட்டு வயதுப் பெண். முழங்கைவரை மாவு. சிரிப்பு.

"என் மகள் லியோனா," என்றார். இங்கே வந்து சேர்ந்த மாலை வகுப்பில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் எலிசாவுக்கு அதுவரை போதுமானதாக இருந்தது. அதற்குமேல் ஜஸ்டஸ், தரையைப் பார்த்தபடி, தமிழில் சொன்னான்.

வெல்டனின் தாத்தாவுக்கு நான்கு மனைவிகள். அந்தக் காலத்து மார்மன் சபையில், அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவு அது, பல மனைவிகள் கட்டுவது தேவ கட்டளை. புதுப் பெண்ணின் கையை முதல் மனைவியே எடுத்துக் கணவனின் கையில் வைப்பாள். சபை அதைக் கைவிட்டு எண்பது வருஷத்துக்கு மேலாகிறது. வெல்டன் குடும்பம் மட்டும் விடவில்லை. லியோனா கல்யாணமாகாமல் இறந்துபோனாள். அப்படி இறந்தவள் மறுமையில் என்றென்றைக்கும் யாருக்கோ பணிவிடை செய்கிறவளாகத்தான் இருப்பாள் என்பது அவர் நம்பிக்கை. அதனால் அவளை ஒருவனுக்குக் கட்டிவைத்துவிட்டார். இறந்தவளுக்குப் பதிலாக அவருடைய மனைவி நின்றாள்.

"யாருக்குக் கட்டிவச்சாவ?" என்று கேட்கும்போதே எலிசாவுக்குத் தெரிந்துவிட்டது.

"உன்னைக் கொண்டுவர விசா அவரு கையிலதான் இருந்துச்சு," என்றான் ஜஸ்டஸ். "செத்த பிள்ளைதானே. நமக்கு என்ன நட்டம்னு நெனச்சேன்."

"எப்ப?"

"போன வருசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

வெல்டனுக்கு அது மொழிபெயர்க்காமலே புரிந்தது. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றார். அந்தக் காலத்திலும் சிலர் முதலில் திருமணத்தை முடித்துவிட்டுத்தான் மனைவியைக் கேட்டார்கள். அவள் சரி என்றதும், அவள் முன்னிலையில், ஒன்றும் நடக்காததுபோல மறுபடியும் நடத்தினார்கள். எலிசாவும் கையை எடுத்து வைத்தால் போதும்.

"நான் மாட்டேன்னு சொன்னா?"

அவர் யோசித்தார். கோபம் இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "அப்படியும் திருமணம் செல்லும். உங்களைக் கேட்டாயிற்று என்பதே போதும். மறுத்த மனைவியைக் கேட்க வேண்டிய கடமை அதற்குப் பிறகு யாருக்கும் இல்லை. என் பாட்டியின் தங்கை மறுத்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, வெளியே அனுப்பவில்லை. அதே வீட்டில்தான் இருந்தாள்." வெந்நீரை ஒரு வாய் குடித்தார். "இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை."

"அப்ப என்னத்துக்குக் கேக்கணும்?"

ஜஸ்டஸ் மொழிபெயர்த்தான். வெல்டன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். உண்மையாகவே அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"எனக்குச் சம்மதம் இல்ல," என்றாள் எலிசா. ஆங்கிலத்திலும் சொன்னாள். வினைச்சொல்லைச் சரியாகத்தான் போட்டேனா என்று மனசுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் இருந்தது. வெல்டன் தலையசைத்தார், நன்றி சொன்னார், போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஜஸ்டஸ் இரண்டு டம்ளர் டீ போட்டான். ஒன்றைத் தன் முன்னால் வைத்தான். இன்னொன்றை எதிர் நாற்காலிக்கு. எலிசா பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

கோபத்தில் செய்கிறான் என்று நினைத்தாள். நானும் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம். "இங்க பாருங்க," என்றாள். அவன் சற்றுப் பொறுத்து நிமிர்ந்தான், ஏசியின் சத்தத்தில் ஏதோ கேட்டதுபோல. மறுநாள் அந்தப் பொறுத்தல் நீண்டது. அதற்கு மறுநாள் அவன் நிமிரவில்லை. மாலை வகுப்பில் ஆளுக்கொரு வரியாக வாசிக்கச் சொன்னார்கள். இடப்பக்கத்துப் பெண் வாசித்தாள், அடுத்து வலப்பக்கத்துப் பெண் வாசித்தாள். நடுவில் ஒரு வரியும் விடுபடவில்லை. நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேனா என்று வீடுவரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் ருக்கையா நின்றுகொண்டிருந்தாள், கையில் மூடிய கிண்ணம்.

"ருக்கையாக்கா," என்றாள் எலிசா.

ருக்கையா அவள் பக்கம் திரும்பாமல், திறந்திருந்த வீட்டுக்குள் பார்த்துச் சிரித்தாள். "நீ குடுத்த ரொட்டில எங்க வீட்டுப் புள்ளைங்க ஒரு துண்டு மிச்சம் வைக்கல, எலிசா. அடுத்த தடவ எனக்கும் செய்யச் சொல்லித் தா." கிண்ணத்தை நீட்டினாள். உள்ளேயிருந்து வந்த ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. முழங்கைவரை வெள்ளை.

எலிசா உள்ளே ஓடினாள். வீடு முழுக்க அந்த வாடை, இப்போது சூடாக. ஜஸ்டஸ் மேசையில் இருந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள், ஒருநாளும் சொல்லாத பெயரை. அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"ஏசியைக் கொஞ்சம் கொறச்சு வையேன். குளுருது."

"சரிங்க," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

எலிசாவின் குரல்.

அவள் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது.

காலடி. மெதுவாக. எலிசாவின் செருப்பு. எலிசாவின் நீலச் சேலை, கழுத்தில் எலிசாவின் தாலிச் சங்கிலி. அதற்கு மேலே பதினெட்டு வயது முகம், கன்னத்தில் மாவு. அந்த வீட்டில் அவள் மட்டும்தான் எலிசாவை நேராகப் பார்த்தாள். பகை இல்லாத பார்வை. வெகுகாலம் வேலைக்காரியாக இருந்தவள் இன்னொரு வேலைக்காரியைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் இரக்கத்தோடு.

வந்து எலிசாவின் வலது கையை எடுத்தாள். அவள் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. எலிசா இழுத்தாள். கை வரவில்லை. வேண்டாம் என்றாள். மாட்டேன் என்றாள்.

கேட்கப்படவில்லை.

மேசைமேல் திறந்து கிடந்த ஜஸ்டஸின் உள்ளங்கையில் அந்தப் பெண் எலிசாவின் கையை, முதல் மனைவி வைப்பதுபோல, கொண்டுபோய் வைத்தாள். அவன் விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன, தூக்கத்தில் குழந்தை மூடுவதுபோல. அவன் கண்கள் மாவு படிந்த முகத்தை விட்டு அகலவில்லை.

"சாப்பிடலாமா?" என்றான் அதனிடம்.