இரண்டரைக் கிலோ நட்சத்திரம்

சிட்டு பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாளாம். ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்த அப்பா, "அடடே, சிட்டுக்குருவி மாதிரியில்ல இருக்கா!" என்றார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் பத்து வயதாகியும் போகவில்லை. அதற்காகப் பிள்ளை அதே அளவில் இருக்க முடியுமா? வளர்ந்தாள். உயரத்தில் வளர்ந்ததைவிட அகலத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வளர்ந்தாள்.

பள்ளியில் சும்மா விடுவார்களா?

"சிட்டாம் சிட்டு! இவ உட்கார்ந்தா கிளையே ஒடிஞ்சு விழும்!"

சிட்டுவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவாள். பிறகு வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அப்பா குழாய் பழுதுபார்ப்பவர். "நம்ம வீட்டுல மட்டும் தண்ணி ஏன் இப்படிச் செலவாகுது?" என்று தலையைச் சொறிந்துகொள்வார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

மாடிப்படி ஏறினால் சிட்டுவுக்கு மூச்சு வாங்கியது. டாக்டரிடம் அழைத்துப் போனார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "சனிக்கிழமை காலையில சமூகக் கூடத்துக்கு அனுப்புங்க. எங்க நர்ஸ் அங்க பிள்ளைங்களுக்காக ஒரு குழு நடத்துறாங்க. பட்டினி கிட்டினி எதுவும் கிடையாது. ஓட்டம், ஆட்டம், ஒழுங்கான சாப்பாடு. அவ்வளவுதான்."

முதல் சனிக்கிழமை, சிட்டு அப்பாவின் பழைய வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். முழங்கால்வரை தொங்கும் கனத்த கோட்டு. அதற்குள் ஒளிந்துகொண்டால் யாருக்கும் தன் உடம்பு தெரியாது என்பது அவளுடைய கணக்கு.

கூடத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். மூலையில் எடை மெஷின். சுவரில் ஒரு பெரிய அட்டை. அதில் எல்லார் பெயரும் வரிசையாக எழுதியிருந்தது.

"கோட்டைக் கழட்டிட்டு ஏறும்மா" என்றார் நர்ஸ் அக்கா.

"குளிருதுக்கா" என்றாள் சிட்டு. வெளியே வெயில் கொளுத்தியது.

நர்ஸ் அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, அப்படியே ஏறு" என்றார். கோட்டுக்கென்று கொஞ்சம் கழித்துவிட்டு, எடையை அட்டையில் எழுதினார். "ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் பார்ப்போம். யாருக்குக் குறையுதோ அவங்க பேருக்கு நேரா தங்க நட்சத்திரம்!"

நட்சத்திரம் ஒட்டினால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும் என்று நினைத்தார். நல்ல மனசு உள்ளவர்களும் சில சமயம் தப்புக் கணக்குப் போடுவார்கள், இல்லையா?

அன்றே சிட்டுவுக்கு ஒரு நண்பன் கிடைத்தான். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லுவான் என்பதால் அவனுக்கு 'வாத்தியார்' என்று பெயர்.

"நீ கயிறு தாண்டுறப்போ குதிகாலை ஊணுற. அதான் தடுக்குது. நுனிக்கால்ல தாண்டு" என்றான்.

"நீ தாண்டிக் காட்டேன்!"

வாத்தியார் தாண்டினான். இரண்டாவது தாண்டலிலேயே கயிறு காலில் சுற்றி, தொப்பென்று உட்கார்ந்தான். "இப்படித்தான் தாண்டக் கூடாது" என்றான் அசராமல். சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேலிக்குப் பயந்து சிரிக்கும் சிரிப்பு அல்ல, நிஜமான சிரிப்பு.

இரண்டு வாரத்தில் சிட்டுவின் கூச்சம் போய்விட்டது. மூன்றாவது சனிக்கிழமை கோட்டை வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே தொங்கவிட்டு வந்தாள். மெஷினில் ஏறினாள்.

நர்ஸ் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏறக்குறைய ரெண்டரைக் கிலோ குறைஞ்சிருக்கு! எல்லாரும் கைதட்டுங்க!"

பன்னிரண்டு பெயரில் ஒரே ஒரு பெயருக்கு நட்சத்திரம். சிட்டுவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வாத்தியாரும் கைதட்டினான். கொஞ்சம் மெதுவாகத் தட்டினான். அவனுக்கு நூறு கிராம்கூடக் குறையவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அந்தப் பழைய கோட்டை எடுத்து உதறினார். உள்பையிலிருந்து டங்கென்று ஒரு பெரிய ஸ்பேனர் விழுந்தது. பின்னாலேயே இரண்டு பித்தளைக் குழாய்கள்.

"அட, இங்கேயா இருக்கு! ரெண்டு வாரமாத் தேடுறேன். வேலை செஞ்ச வீட்டுக்கெல்லாம் போய் 'என் ஸ்பேனரைப் பார்த்தீங்களா'ன்னு அசடு வழிஞ்சிட்டு வந்தேனே!"

சிட்டு ஸ்பேனரைத் தூக்கிப் பார்த்தாள். குழாய்களையும் தூக்கிப் பார்த்தாள். கைகள் கீழே இறங்கின. அப்படியானால் குறைந்தது அவள் எடை அல்ல, அப்பாவின் சாமான்!

நர்ஸ் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கைதட்டல் காதிலேயே இருந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, யாரிடமும் வாய் திறக்காமல் வாரம் முழுக்கத் திரிந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோரும் வந்திருந்தார்கள். நர்ஸ் அக்கா நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே, "சிட்டு, நீ எப்படிக் குறைச்சேன்னு இன்னைக்கு எல்லாருக்கும் சொல்லப் போற, சரியா?" என்றார். சிட்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவினாள்.

வாத்தியாரைத் தேடினாள். அவன் மேடைக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. கையில் நர்ஸ் அக்கா கொடுத்த வாழைப்பழம், உரிக்காமல்.

"ஏன் சாப்பிடல?"

"வேண்டாம்."

"உடம்பு சரியில்லையா?"

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்லாத. நாலு நாளா காலையிலயும் மதியமும் சாப்பிடல. டிபன் பாக்ஸை அப்படியே பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துட்டேன்."

"ஐயையோ! ஏன்டா?"

"நீ ரெண்டு வாரத்துல ரெண்டரைக் கிலோ குறைச்சிட்ட. 'அந்தப் பொண்ணால முடியுது, உன்னால ஏன் முடியல'ன்னு அம்மா கேட்டாங்க. திட்டல, கேட்டாங்க, அவ்வளவுதான். எனக்கு அழுகையா வந்துச்சு." எழுந்திருக்கப் பார்த்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "எழுந்தா தலை சுத்துது."

ஒரு ஸ்பேனரோடு போட்டி போட்டு இவன் பட்டினி கிடக்கிறானே! சிட்டு வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது. "சிட்டு எங்க? வாம்மா, உனக்காகத்தான் எல்லாரும் காத்திட்டிருக்காங்க!"

சிட்டு வாத்தியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கூடத்துக்குள் போனாள். நாற்காலிகளில் அம்மாக்கள், அப்பாக்கள். அவளுடைய அப்பா கடைசி வரிசையில் பெருமையாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா, எப்படிக் குறைச்ச?"

சிட்டு வாத்தியாரைப் பார்த்தாள். பழம் இன்னும் உரிக்கப்படவில்லை. அவ்வளவுதான், படபடவென்று கொட்டிவிட்டாள்.

"நான் குறையவே இல்லக்கா! முதல் நாள் அப்பா கோட்டைப் போட்டுட்டு வந்தேன்ல, அதுக்குள்ள ஸ்பேனர் இருந்துச்சு. ரெண்டு குழாயும் இருந்துச்சு. எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறமும் சொல்லல. நட்சத்திரம் போயிடும்னு சொல்லல. இவன் என்னைப் பார்த்து நாலு நாளா ஒழுங்கா சாப்பிடாம இருக்கான்! டேய், நீ ஸ்பேனரைப் பார்த்துப் பட்டினி கிடந்திருக்கடா! சாப்பிடுடா!"

கடைசி வரிசையில் அப்பாவின் கை காலரிலிருந்து மெல்ல இறங்கியது. "அந்த ஸ்பேனரா!" என்று அவர் வாய்க்குள் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது.

வாத்தியாரின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து மகனை இழுத்து அணைத்துக்கொண்டார். "சாப்பிடலையா? நாலு நாளாவா? நான் ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டேன்டா, ராஜா. அதுக்குப் போயி இப்படியா?" என்று சொல்லிக்கொண்டே அவரே பழத்தை உரித்தார்.

அப்போது ஒரு குட்டிப் பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, நானும் எடை பார்க்கிற அன்னைக்கு காலையில சாப்பிடமாட்டேன்."

"நான் பெல்ட்டைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஏறுவேன்" என்றான் இன்னொருவன்.

"நான் முடி வெட்டிட்டு வந்தேன்!" என்றான் மூன்றாமவன். தடவிப் பார்க்க அவன் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

நர்ஸ் அக்கா நேராகச் சுவரிடம் போனார். அட்டையைக் கழற்றினார். நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"தப்பு உங்க மேல இல்ல, என் மேல. உங்களுக்கு இது வளர்ற வயசு. நீங்க நல்லா ஓடணும், நல்லா சாப்பிடணும், நல்லா தூங்கணும். நான் ஒரு மெஷினைப் பார்க்க வச்சிட்டேன். இனிமே எடை பார்த்தா தனி அறையில, நானும் நீங்களும் மட்டும். சுவர்ல எழுத மாட்டேன்."

"அப்போ சுவர் காலியாவா இருக்கும்?" என்றாள் குட்டிப் பெண்.

சிட்டு யோசித்தாள். "முதல் வாரம் இவன் ஒரு தடவைதான் கயிறு தாண்டினான். போன வாரம் பதினேழு. எனக்கு மாடிப்படியில பாதியிலயே மூச்சு வாங்கும். இப்போ மேல வரைக்கும் நிக்காம ஏறிடுவேன். அந்த மாதிரி எழுதலாமே? இங்க வந்தப்புறம் யார் யாருக்கு என்னென்ன வருதுன்னு?"

நர்ஸ் அக்கா புது அட்டை கொண்டுவந்தார். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். எனக்கு எழுது, எனக்கு எழுது என்று ஒரே கூச்சல். "எனக்கு இப்போ காய் பிடிக்குதுன்னு எழுதுங்க. ஒரே ஒரு காய்தான்" என்றான் மொட்டைத் தலைக்காரன்.

அப்பா சிட்டுவிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து அவள் காதில், "ரெண்டரைக் கிலோ சாமானைத் தூக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்திருக்க. உன்னை நான் வேலைக்கே கூட்டிட்டுப் போகலாம் போல" என்றார். அப்பாடா! ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சிட்டு அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

வாத்தியார் மறுபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஒரு பழம் முடிந்து இரண்டாவது பழம் கையில் இருந்தது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. சிட்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"கோபமா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"எவ்வளவு நேரம் கோபமா இருப்ப?"

வாத்தியார் பழத்தைப் பார்த்தான். "இது முடியுற வரைக்கும்."

சிட்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வாத்தியார் வேண்டுமென்றே எறும்பு கடிக்கிற மாதிரி கடித்தான். நன்றாக மென்றான். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். மறுபடி ஒரு துளி கடித்தான். உள்ளே விளையாட்டு ஆரம்பித்துவிட்டது, விசில் சத்தம் கேட்டது. சிட்டு நகரவில்லை. அவன் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் தின்னட்டும், தின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கடைசித் துண்டையும் விழுங்கிவிட்டு, வாத்தியார் பழத்தோலை அவள் கையில் வைத்தான்.

"இதைப் போட்டுட்டு வா. கயிறை நான் எடுத்து வைக்கிறேன்."