முன்வரிசையின் வில்லைகள்

அரங்கத்துக்குள் ஆறாயிரம் பேர் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே வாசலில் படுத்திருந்த நாய் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஒலிபெருக்கிகளைத் தடைசெய்து இருபது வருடமாகிறது. இப்போது கச்சேரி என்றால் ஆளுக்கொரு எலும்பொலி வில்லை. சட்டைப் பொத்தான் அளவில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, இசையை நேரே மண்டையோட்டுக்குள் இறக்கிவிடும்.

மேடைக்குப் பின்னால் வில்பிரட் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். வயது அறுபத்தெட்டு. ‘இடிதாங்கி’ என்ற மெலடிக் டெத் மெட்டல் ராக் இசைக்குழுவின் பாடகன். உறுமுகிறவன் என்பதுதான் சரி. இன்றைய கச்சேரி ‘நீலச்சாம்பல்’ என்ற இளவட்டங்களுடையது. அதற்கு முன் கூட்டத்தைச் சூடேற்ற இரண்டு பழம்பெருச்சாளிக் குழுக்களை அழைத்திருந்தார்கள். ஒன்று மேடையில் இருந்தது. அடுத்தது இவர்கள்.

“முன்வரிசையில யாரு தெரியுமா?” என்றான் டிரம்மர் கஜபதி. “சுகிர்தா.”

வில்பிரட் தம்ளரைக் கீழே வைத்தான். சுகிர்தா குழுவின் முதல் கிதார்காரி. இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று துரத்தும் அந்த மெட்டுகளெல்லாம் அவள் போட்டவை. பாட்டுக்குள் எப்போதுமே அரைத் தாளம் தாமதமாக நுழைவான் வில்பிரட்; அவன் வரும்வரை அவள் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக் காத்திருப்பாள். முப்பத்தோரு வருடத்துக்கு முன் கனடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகாதே என்று சொல்வதற்கும் அவன் தாமதித்துவிட்டான். அன்றிலிருந்து எந்த ஊரில் மேடை ஏறினாலும் முதலில் முன்வரிசையைத்தான் பார்ப்பான்.

“இன்னிக்காவது நெசமா பாடேன்டா.”

“பன்னெண்டு வருஷமாச்சு கஜா. தொண்டையில இருக்குதோ இல்லியோ.”

மீட்டொலி வந்து பன்னிரண்டு வருடம். பழைய ஒலிப்பதிவுகளைத் தின்று வளர்ந்த எந்திரம் அது. கிழவன் வாயசைத்தால் போதும். அவனுடைய முப்பது வயதுக் குரலைத் தாளம் பிசகாமல் எல்லா வில்லைகளுக்கும் அனுப்பிவிடும். உறுமினால் மறுநாள் சோறு இறங்காது, யாருக்கும் கேட்கப்போவதுமில்லை. ஆகவே மூத்த குழுக்காரர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். ரசிகர்களுக்கு அது தெரியாது; தெரியாது என்று இவர்கள் நம்பினார்கள்.

பாடத்தான் ஆசை. ஆனால் உடைந்த குரலை அவளிடம் எப்படி நீட்டுவது? அவளுக்கு முப்பது வயதுக் குரலே கேட்கட்டும் என்று முடிவுசெய்துகொண்டான்.

நாற்பது நிமிடம். வாழ்நாளில் அத்தனை அக்கறையாக வாயசைத்ததில்லை. முன்வரிசை முழுக்க அவன் வயதுக்காரர்கள். நடுவில் சுகிர்தா, நரைத்த முடியை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாற்பது நிமிடமும் அவன் சந்தோஷமாக இருந்தான்.

இறங்கியதும் நடைவழியில் அவளே வந்து நின்றாள்.

“நல்லா இருக்கியா, வில்லி?”

“இருக்கேன். எப்பிடி இருந்துச்சு?”

அவள் உள்ளங்கையை விரித்தாள். வில்லை இருந்தது, மேலுறைகூடப் பிரிக்காமல்.

“உன் பழைய குரல் என் வீட்லயே இருக்கு. தினமும் கேக்கறேன். இப்ப எப்படி இருக்குன்னு கேக்கத்தான் வந்தேன்.”

வில்பிரட்டுக்கு முகம் சுண்டியது. அப்படியானால் நாற்பது நிமிடமும் அவள் கேட்டது கம்பிகளின் டிக் டிக், ஓசையடக்கிய ரப்பர் டிரம்மின் தொப் தொப், பூட்ஸ் சத்தம்.

“தலைய ஆட்டிக்கிட்டே இருந்தியே.”

“நீ என்னையே பாத்துக்கிட்டு இருந்தியே.” அவள் குரல் தணிந்தது. “நான் மட்டும் இல்ல. எங்க வரிசை பூரா வில்லையைப் பாக்கெட்டுல போட்டுட்டுத்தான் நின்னாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு எல்லாரும் ஆடினோம்.”

உள்ளே ‘நீலச்சாம்பல்’ ஆரம்பித்திருக்க வேண்டும். தரை மட்டும் லேசாக அதிர்ந்தது. வில்பிரட் தொண்டையைச் செருமினான். அவளுடைய பழைய மெட்டை மனதுக்குள் எண்ணி, வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றான். அதற்கும் காற்றுதான்.

சுகிர்தாவின் இடதுகை விரல், இல்லாத கிதாரின் கம்பியில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்திருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.