அப்பாவின் எண்

அக்கா பிறந்து ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் அவள். கேட்காமலே கிடைத்தவள் என்று அப்பா அவளைக் 'கொசுறு' என்று கூப்பிடுவார். அப்பா பேருந்து ஓட்டுநர். அவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அக்கா நர்சிங் படிக்க உதவித்தொகை கேட்டிருந்தாள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது அப்பாதான். அது கிடைக்காவிட்டால் படிப்பு இல்லை. துணிக்கடைக்கு வேலைக்கு வருவதாக அக்கா சொல்லிவைத்துவிட்டாள்.

பள்ளி விட்டதும் கொசுறு தினமும் அக்காவின் போனில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பாள். பதினெட்டு நாளாக ஒரே வரிதான். "கூடுதல் விவரம் கேட்டுச் செய்தி அனுப்பப்பட்டுள்ளது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை."

செய்தி எதுவும் வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டால் பாட்டுதான் பாடியது.

"புறா கால்ல கட்டி அனுப்பினாங்களோ என்னவோ" என்றாள் அக்கா. சிரிப்பதுபோல் சொன்னாள், ஆனால் சிரிக்கவில்லை.

புதன்கிழமை கொசுறு அந்தப் பக்கத்தை அடிவரை தள்ளிப் பார்த்தாள். செய்தி போன எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் பொடி எழுத்தில் இருந்தது. நாற்பத்தேழு. தொலைந்துபோனால் சொல்வதற்காக ஒன்றாம் வகுப்பிலேயே அவள் மனப்பாடம் செய்த அப்பாவின் எண்ணும் அப்படித்தான் முடியும்.

அப்பாவின் போன் அலமாரியில், அவருடைய சீருடைச் சட்டைக்குள் இருந்தது. அம்மா அதை அணைத்து வைத்துப் பூட்டியவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சாவி இருக்கும் இடம் கொசுறுக்குத் தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் அருகில் உட்கார்ந்து அவளும் இரண்டு துண்டுகளை மடித்தாள்.

"அம்மா, அக்காவுக்கு வந்த செய்தி அப்பா போன்ல இருக்கும்மா. நீ பார்க்க வேணாம். நான் பார்க்கிறேன். பக்கத்துல மட்டும் இரு."

அம்மா மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

சார்ஜ் ஏறியதும் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. அலுவலகத்திலிருந்து மட்டும் மூன்று. இரண்டாம் பக்கத்தில் தந்தையின் கையெழுத்து இல்லையாம்.

வண்டி எடுக்குமுன் டயரை மூன்று தடவை தட்டிப் பார்க்கும் மனிதர், கையெழுத்துப் போட மறந்திருக்கிறார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் மூவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழை இணைத்து, அம்மா கையெழுத்துப் போட்டாள். போன் எண்ணை மாற்ற வேண்டுமா என்று அங்கிருந்த பெண் தணிந்த குரலில் கேட்டாள்.

"வேணாங்க. அதே நம்பருக்கே அனுப்புங்க" என்றாள் அம்மா.

எட்டாம் நாள் மாலை, கூடத்து மேசையில் பேருந்து ஹாரன் அடித்தது. அப்பா தன் போனுக்கு வைத்திருந்த சத்தம். மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"கொசுறு, நீயே படிச்சுச் சொல்லு" என்றாள் அம்மா.

அவள் படித்தாள். உதவித்தொகை கிடைத்துவிட்டது.

அம்மா போனை வாங்கித் துடைத்து, மறுபடியும் சார்ஜில் போட்டாள்.