வெறும் ஓடு

தொட்டியிலிருந்த இறால் போன செவ்வாய்க்கிழமைதான் ஓடு கழற்றியது. அடுத்ததைக் கழற்ற இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பம்ப்பின் வலையில் ஒட்டிக்கொண்டு ஆடிய அந்த மெல்லிய ஓடு எதனுடையது என்று அவளுக்குப் புரியவில்லை.

இடுக்கியால் எடுத்துத் தொட்டியின் மூடிமேல் வைத்தாள். துளியூண்டு. பேனா மூடி மாதிரி ஒரு பக்கம் திறந்து, ஒரு பக்கம் மூடியிருந்தது. எதுவாக இருந்தால் என்ன, இன்னும் கொஞ்ச நேரத்தில் மீன்கடைக்காரர் வந்து மீன், பவளம், பாறை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகப்போகிறார். அப்புறம் இந்த வீட்டில் ஓடு கழற்றுவதற்கு யாரும் இல்லை.

இந்தக் கடல்தொட்டி அவள் கணவருடையது. ஆறடி நீளம். மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஏதோ ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், அவர் கால் வைத்த இடத்தில் லிஃப்ட் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்கு மேல் யார் விளக்கிச் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை.

வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று முன்னறை ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியவர் அவர். நட்டநடு மத்தியானத்திலும் அந்த அறையில் தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும்தான் இருக்கும். பம்ப்பின் முனகல், குழாயில் தண்ணீர் விழும் களகளச் சத்தம், கடற்கரையில் மழைக்கு முன்னால் வருமே, அந்த உப்பு வாடை. "மீன வளக்கிறவன் தோத்துடுவான்மா, தண்ணிய வளக்கணும்" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். தினமும் உப்பை அளப்பார், சூட்டை அளப்பார், நோட்டில் எழுதுவார். "எனக்கு வாய்ச்ச சக்களத்தி, உப்புக்கரிக்கிற சக்களத்தி" என்று அவள் வம்புக்கு இழுப்பாள். "நீயும் சில நாள் கரிக்கத்தான் செய்யிற" என்பார் அவர். இப்போது வம்புக்கு ஆள் இல்லாமல் வாய் துருப்பிடித்துப் போயிருந்தது.

தொட்டி வாங்கிய புதிதில் ஒருநாள் இறால் செத்துக் கிடக்கிறது என்று அவள் ஒப்பாரி வைக்காத குறை. மீசை, கால், கண் எல்லாம் அப்படியே இருந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட அழுமூஞ்சி! இது வெறும் ஓடு. ஆளு பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான். உடம்பு இப்போ வெண்ணெய் மாதிரி இருக்கும். எவன் வேணா கொத்தித் தின்னுடுவான், அதான் பயம். ரெண்டு நாள் விடு, இறுகினதும் வெளிய வருவான்."

இரண்டாம் நாள் வந்தது, முன்னைவிடப் பெரிதாக. அன்றிலிருந்து அவள் எந்த ஓட்டைப் பார்த்தும் அழுததில்லை.

அவள் அந்த ஓட்டை எடுத்து நீல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மூடிய நுனியில் ஒரு நகம் இருந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் கிடையாது, ஏமாற்றாமல் என்ன செய்யும்? ஓட்டைத் திருப்பினாள். விரல்ரேகை, சுழி சுழியாக.

அப்போது வாடை மாறியது. உப்புக்கு நடுவே கிரீஸ் வாடை. தினமும் சாயங்காலம் அவர் சட்டையிலிருந்து துவைத்தும் போகாத அதே வாடை, தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது.

இரண்டாவது ஓடு பாறை இடுக்கிலிருந்து மெதுவாக மிதந்து வந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. முழுக் கை. ஐந்து விரலும் விரிந்திருந்தன. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. லிஃப்ட் கதவில் நசுங்கி, வளரும்போதே இரண்டாக வளர்ந்த நகம். அந்த நகத்தை அவள்தான் வெட்டிவிடுவாள்.

ஓடு இங்கே இருக்கிறது. அப்படியானால் ஆள்?

ஆஸ்பத்திரியில், வெள்ளைத் துணியை விலக்கி, கட்டிப்பிடித்துக் கதறினாளே. அது எதை?

ஐயோ, அது எதை?

போனை எடுத்தாள். மீன்கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னிக்கு வேணாம். ரெண்டு நாள், ரெண்டே நாள் கழிச்சு வாங்க."

"என்னம்மா இது, வண்டி உங்க தெருவுக்குள்ள திரும்பிடுச்சே" என்றார் மீன்கடைக்காரர். "பசங்களையும் கூட்டிட்டு வந்துட்டேன். மனச கல்லாக்கிக்கோங்க. அஞ்சு நிமிஷம்."

மூடியைத் தள்ளினாள். தோள் வரை கையை விட்டாள். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. பாறைக்குப் பின்னால் துழாவினாள். பவளம் கீறியது. மணல். வழவழப்பு. அப்புறம் ஒன்று அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

எலும்பில்லாத பிடி. வெண்ணெய் போன்ற பிடி. ஆனாலும் அவர் பிடி. ரோடு தாண்டும்போது பிடிப்பாரே, சுண்டுவிரலை மட்டும் தனியாக, அதே மாதிரி.

"என்னங்க" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வந்துட்டீங்களா? இருங்க, நான் இருக்கேன். யாரையும் தொட விடமாட்டேன்."

பாறை இடுக்கில் முகம் தெரிந்தது. நிறமில்லை. இமையில்லை. கண்கள் மட்டும் பழையபடி அவளைப் பார்த்தன.

எங்கிருந்தோ ஒரு கோமாளி மீன் வந்தது. அவர் கன்னத்தில் ஒரு கொத்து. சின்னதாக ஒரு துண்டு பிய்ந்து வந்தது. இன்னொரு மீன். இன்னொன்று. வண்டியில் கொண்டுபோகும்போது தண்ணீர் கெடாமல் இருக்க இரை போட வேண்டாம் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். முந்தாநாளிலிருந்து அவள் ஒரு துணுக்குகூடப் போடவில்லை.

"ஏய்! போ! போயிடு!" ஒரு கையால் விரட்டினாள். விலகின. திரும்ப வந்தன. மற்ற கையை அவர் விடவில்லை. வெளியே தூக்கலாமா? இழுத்தாள். பிடித்த இடம் விரல்களுக்கு நடுவே பிதுங்கியது. பதறி நிறுத்தினாள்.

வாசல் மணி அடித்தது.

அவர் வாய் திறந்தது. தண்ணீருக்குள் சத்தம் வரவில்லை. உதடு அசைந்ததில் இன்னும் நாலு மீன்கள் கூடின.

மணி விடாமல் அடித்தது. "அம்மா! கதவத் திறங்க!"

அவள் திரும்பவில்லை. ஒரு மஞ்சள் மீன் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி வந்து, அவருடைய இமையில்லாத கண்ணுக்கு நேராக நின்றது. கொஞ்சம் பின்னால் போனது. குறி பார்த்தது.