கிறகோரியின் குளிசைப் போத்தல்

1992 யூன் 16. காலை 6.10.

குருநகரில் கிறகோரி தன் சாய்மனைக் கதிரையில் செத்துக் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, கண்கள் மூடவில்லை. முதலில் கண்டவள் மருமகள் யசிந்தா. அவள் கையில் வெறுந்தேத்தண்ணீரும், இரத்த அழுத்தத்துக்கான அன்றைய பிறசர்க் குளிசையும் இருந்தன.

6.30. ஓய்வுபெற்ற தாதி பெர்னடெட் வந்தார். பக்கவாதம் என்பது பார்த்ததுமே விளங்கியது. விளங்காதது போத்தல். முதலாந் திகதி கிளினிக்கில் கொடுத்த குளிசை முப்பது, மிச்சம் பதினைந்து. ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒழுங்காகக் குளிசை போட்ட மனிதனுக்கு ஏன் இந்த முடிவு?

"என்ன விளங்கேல்லை மிஸ்ஸி?" மரியநாயகி, கிறகோரியின் மனைவி, யசிந்தாவைக் காட்டி மார்பில் அடித்து அழுதாள். "நாளாந்தம் உவள்தான் தேத்தண்ணி கையிலை குடுத்தவள். என்னத்தைக் கலந்தாளோ!"

பெர்னடெட் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தேற்றினார். முப்பது வருட வார்டுப் பழக்கம், விரல் தானாக நாடியை எண்ணியது. ஐம்பத்திரண்டு. இப்படி அழுகிறவளுக்கு நூறைத் தாண்ட வேண்டும். அதிர்ச்சியாக்கும் என்று அப்போது விட்டுவிட்டார். பிறகு அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

யூன் 25. காலை 7.00.

யசிந்தா பெர்னடெட்டின் வீட்டுக்கு ஓடிவந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அன்ரி, மாமா வாறார்."

"ஆர்?"

"போத்தலை அவற்றை படத்துக்கு முன்னாலை, மெழுகுதிரிக்குப் பக்கத்திலை வைச்சனாங்கள். விடிய விடிய ஒரு குளிசை குறையுது. செத்த அண்டு பதினைஞ்சு, இண்டைக்கு ஆறு. விடியப்புறத்திலை அவற்றை கதிரை கிரீச்செண்டு சத்தம் போடுது."

"மாமி என்ன சொல்லுறா?"

"நான் நஞ்சு குடுத்ததாலைதான் அவற்றை ஆவி அலையுதாம். பிரான்சிலை இருக்கிற என்ரை இவருக்குக் கடிதம் எழுதிப்போட்டா. கொழும்புக்குப் போற ஆள் நாளைக்குக் கொண்டுபோறார். இவர் நம்பினால் நான் எங்கை அன்ரி போவன்?"

குருநகரில் ஆவிக்கு உடம்பு தேவையில்லை, நாலு வாய் போதும். பெர்னடெட்டுக்கு ஆவியில் நம்பிக்கையில்லை. ஆனாலும் அன்று முழுக்க மெல்ல அடித்த அந்த நாடி அவர் விரல் நுனியிலேயே நின்றது.

யூன் 26. காலை 5.40.

யசிந்தாவின் அறைத் திரைக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். கரண்ட் இல்லாத வீடு. மெழுகுதிரி அணையப் போகிற நேரம். போத்தல் கலகலத்தது. கதிரை கிரீச்சிட்டது. செத்தவரின் கதிரையில் கறுப்பாக ஓர் உருவம் சாய்ந்தது. யசிந்தா பெர்னடெட்டின் கையைக் கிள்ளிப் பிடித்தாள்.

பெர்னடெட் ரோர்ச்சை அடித்தார். மரியநாயகி. உள்ளங்கையில் ஒரு குளிசை.

"எத்தினை நாளாய்?"

"முதலாந் திகதியிலை இருந்து."

"அவர் உயிரோடை இருக்கேக்கையோ?"

"ஓம் மிஸ்ஸி. எனக்குப் பிடரி வெடிக்கிற தலையிடி. மருந்துத் தட்டுப்பாடு, புது ஆக்களுக்குக் குளிசை இல்லையெண்டிட்டினம். அவருக்கு ஒரு நோவும் இல்லை. உவள் குடுக்கிறதை நாக்குக்குக் கீழை வைச்சிருந்து, குசினிக்குப் போனாப்பிறகு எனக்குத் தருவார். வருத்தக்காரி போடட்டுமெண்டார். குறையிறது தெரிஞ்சால் பறிச்சுப்போடுவியளெண்டுதான் ஆவியெண்டன்."

"அதுதான் உங்கடை நாடி மெல்ல அடிச்சது. இந்தக் குளிசையின்ரை வேலை அது. யசிந்தா ஒண்டும் கலக்கேல்லை. குளிசை அவற்றை வயித்துக்கு ஒரு நாளும் போகேல்லை."

"நோவில்லாத மனிசனுக்கு என்னத்துக்குக் குளிசை?"

"பிறசர் நோகாது மரியநாயகி. நோகாமலே கொல்லும். வருசக்கணக்காய்ப் போட்ட குளிசையைச் சடுதியாய் நிப்பாட்டினால் எகிறும்."

பெர்னடெட் கிறகோரிக்கும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். தவறாமல் போடு என்று நூறு தரம் சொன்னவர், ஏன் என்று ஒரு தரமும் சொல்லவில்லை.

"அப்ப... நானோ மிஸ்ஸி?"

"ரெண்டு பேருமாய்த்தான். தெரியாமல்."

மரியநாயகி அழவில்லை. எழுந்து, வேதாகமத்துக்குள் இருந்த கடிதத்தை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தாள். பிறகு கையிலிருந்த குளிசையை நிலத்தில் எறிந்தாள்.

"இனி உது என்ரை வாய்க்குள்ளை போகாது."

பெர்னடெட் தன் பையிலிருந்த பிறசர்ப் பட்டியை எடுத்து அவள் புயத்தில் சுற்றிக் காற்றடித்தார். இத்தனை நாள் குளிசை போட்டும் கருவியின் பாதரசம் நூற்றெழுபதில் நின்றது.

"நீங்களும் சடுதியாய் நிப்பாட்டேலாது. வேறை குளிசைக்கு நான் அலையிறன்."

மரியநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

யசிந்தா குனிந்து குளிசையைப் பொறுக்கி, சட்டையில் துடைத்தாள்.

"வாயைத் திறவுங்கோ மாமி," என்றாள். தண்ணீர் கொடுத்தாள். விழுங்கும்வரை நின்றாள். "இப்ப நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ."